பிள்ளை பின்னிய ஆமையை விற்கலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் கரும்பலகையைப் பிடித்தால் மணி அடித்தாலும் விடமாட்டார் என்று நீங்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள்.

தங்கச்சிமடத்தில் என்னிடம் கணக்குப் படித்த ஒரு மாணவி சென்ற மாதம் ஒரு யோசனை கேட்டாள். கணவர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், வட்டி நிற்காது. அந்த நாட்களில் இவள் யூடியூபைப் பார்த்து குரோஷா ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டாள். ஆமை, நண்டு, ஓங்கல் என்று பொம்மை பின்னி யாத்திரைக்கு வருகிறவர்களிடம் விற்கிறாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிறது. அந்தப் பிள்ளை தானாகவே ஒரு ஆவுளியா பின்னியிருக்கிறது. படத்தைப் பார்த்தேன். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, அச்சு அசல் புல் மேய்கிற ஆவுளியாதான்.

வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் அவளிடம், "பொம்மையை விற்காதே, அதைப் பின்னும் செய்முறையை எழுதி ஆன்லைனில் விற்றுவிடு. பிள்ளை பின்னுவதை வீடியோ எடுத்துப் போடு, நன்றாகப் போகும்" என்று சொல்லியிருக்கிறார். "செய்யலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

உறவுக்குள் இதைச் சொன்னபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "அறிவை விற்பதா?" என்றார் ஒருவர். "பிள்ளை சும்மாதானே உக்காந்து போடுது, நாலு காசு வந்தா என்ன?" என்றார் மதினி. "கலாம் சின்ன வயசுல பேப்பர் போடலையா?" என்றார் அண்ணன். மூன்றுக்கும் சேர்த்து என் கருத்தை இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்முறையை விற்கலாம், தாராளமாக விற்கலாம். பிள்ளையின் முகத்தையும் அதன் விளையாட்டு நேரத்தையும் விற்கக் கூடாது.

பிள்ளைகள் கையால் மிருகம் செய்வது நமக்குப் புதிதல்ல. இந்தத் தீவில் பனையும் தென்னையும் இருக்கிற வரை ஓலைக்குப் பஞ்சமில்லை. குருத்தோலையைக் கிழித்து, ஈர்க்கை நீக்கி, கிளி, வெட்டுக்கிளி, பாம்பு, மீன் என்று மடித்தவர்கள்தானே நீங்களெல்லாம்? குருத்தோலை ஞாயிறன்று தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கோவிலுக்குப் போகிற வழியிலேயே சிலுவை மடித்து, மிச்ச ஓலையில் வெட்டுக்கிளி மடித்து முன்னால் போகிறவர் தோளில் வைத்துவிடுவீர்கள். அந்த வெட்டுக்கிளிக்கு யாரும் விலை கேட்டதில்லை. மறுநாள் அது காய்ந்து சுருண்டுவிடும். வேறொன்று மடிப்பீர்கள்.

இதில் ஒரு பாடம் இருந்தது. மிருகத்தைச் செய்கிற பிள்ளை அந்த மிருகத்தைப் பார்க்கிறது. நண்டு வரையச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் எட்டுக் கால் போடும். நண்டு பின்னச் சொன்னால், கூடையில் இருக்கிற நண்டை எடுத்து எண்ணிப் பார்க்கும். கொடுக்கு இரண்டையும் சேர்த்துப் பத்து. நம் கடலில் வலையில் விழும் நீல நண்டின் கடைசி ஜோடிக் கால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். ஆமையும் அப்படியே. கரையில் இருக்கிற ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும், கடலாமையால் அது முடியாது. அதற்குக் காலும் இல்லை, துடுப்புதான். இணையத்தில் கிடைக்கும் பொம்மை ஆமைகளில் பல, நான்கு கட்டைக் காலில் நிற்கின்றன. நம் பிள்ளை ஒருபோதும் அப்படிப் பின்னாது. சிற்றாமையும் பேராமையும் அழுங்காமையும் வந்துபோகிற கடலின் பிள்ளை அது.

ஆவுளியாவும் அப்படித்தான். கடல் பசு என்று தேடினால் வெளிநாட்டுப் பொம்மைகள் நிறைய வரும். பெரும்பாலும் அமெரிக்கப் பக்கத்து மானட்டீ. அதற்கு வால் அகப்பை மாதிரி வட்டமாக இருக்கும். நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிற ஆவுளியாவுக்கு ஓங்கல் வால் மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். இதைக் காப்பாற்றத்தான் 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை பின்னிய பொம்மையில் வால் சரியாகப் பிரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு விலை போட முடியாது. ஆனால் அந்த வாலை எப்படிப் பின்னுவது என்ற குறிப்புக்கு விலை போடலாம். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் நம் ஊர்க் கடைத்தெருவைப் பற்றி ஒரு வார்த்தை. கோவிலைச் சுற்றியும் தனுஷ்கோடி போகிற வழியிலும் சிப்பியிலும் சோழியிலும் ஒட்டிய மயில், வாத்து, ஆமை பொம்மைகள் எத்தனை தலைமுறையாக விற்கின்றன! பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு காலத்தில் அதே கடைகளில் பவளப்பாறைத் துண்டும் காய்ந்த கடல் குதிரையும் சாதாரணமாகக் கிடைத்தன. 2001இல் பவளங்கள், கடல் குதிரை, கடல் அட்டை, சில சங்கு வகைகள் எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. மீறினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அந்த 21இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு.

ஆகவே கடலிலிருந்து உயிரை எடுக்காமல், நூலில் அந்த உயிரைச் செய்கிற வேலை இந்த ஊருக்கு நல்லது. இதில் ஒரு அதிசயமும் உண்டு. கணக்குப் பிடிக்காமல் என் வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதைக் கவனியுங்கள்.

குரோஷாவில் பொம்மைத் தலை பின்னுவது ஆறாம் வாய்ப்பாடுதான். நடுவில் ஒரு வளையம், அதில் 6 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12. அடுத்து 18, 24, 30. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தோசை மாதிரி தட்டையாக வரும். கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணமாகக் குழிந்துவிடும். பிறகு ஆறு ஆறாகக் குறைத்தால் பந்தாக மூடிக்கொள்ளும். ஜப்பான்காரர்கள் 'அமிகுருமி' என்று சொல்கிற பொம்மைகளின் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான். ஆறுக்கு மேல் கூட்டிக்கொண்டே போனால்? நூலுக்கு இடம் போதாமல் விளிம்பு சுருண்டு சுருண்டு அலை அலையாக எழும்பும். 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியை, பாடப்புத்தகத்தில் காட்ட முடியாமல் தவித்த ஒருவகை வளைபரப்பை இப்படித்தான் குரோஷா ஊசியால் பின்னி மாணவர் கையில் கொடுத்தார். 2005இல் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற அக்கா தங்கை அதே முறையில் நூலாலேயே பவளத்திட்டு பின்ன ஆரம்பித்தார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் சேர்ந்துகொண்டார்கள். நிஜப் பவளத்திட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு ஊசியும் ஒரு நூல்கண்டும் போதும்.

சரி, செய்முறையை விற்பது அறிவை விற்பதாகாதா என்ற கேள்விக்கு வருகிறேன்.

பேட்டர்ன் என்பது வேறொன்றும் இல்லை, நம் கோலநோட்டுதான். "15 புள்ளி 8 வரை, ஊடுபுள்ளி" என்று ஒரு வரி எழுதினால் போதும், மார்கழியில் வாசலை அடைக்கிற கோலம் அதற்குள் மடங்கி உட்கார்ந்திருக்கும். தெரிந்தவள் அதை விரித்துவிடுவாள். ஒயர் கூடைக்கும் அப்படியே. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுக்குப் பெயர் வைத்து, எத்தனை ஒயர், எந்த நிறம் எத்தனை சுற்று என்று பால் கணக்கு அட்டைக்குப் பின்னால் குறித்து வைத்துக்கொள்வார்கள். இதற்கெல்லாம் யாரும் காசு வாங்கவில்லை, உண்மைதான்.

ஆனால் சும்மாவும் கொடுக்கவில்லை. கூடை முடிச்சு சொல்லிக் கொடுத்த அத்தை வீட்டுக்கு மறுவாரம் மீன் போகும். அவள் பேறுகாலத்துக்கு இவள் போய் நிற்பாள். ஊருக்குள் கொடுத்தது ஊருக்குள்ளேயே திரும்பி வந்தது. கணக்கில் எழுதாத வரவு அது. தங்கச்சிமடத்துப் பெண் எழுதும் குறிப்பை நார்வேயில் ஒரு அம்மா பின்னினால் அவர் இங்கே மீன் கொண்டு வரப்போவதில்லை. அதற்குப் பதில்தான் காசு. சங்கிலிக் கண்ணி எல்லோருக்கும் பொது. ஆறாம் வாய்ப்பாடு எல்லோருக்கும் பொது. அதை வைத்து ஆவுளியாவின் சாய்ந்த மூக்கை எந்தச் சுற்றில் எத்தனை கண்ணியில் கொண்டுவரலாம் என்று பத்து முறை பிரித்துப் பின்னிக் கண்டுபிடித்தது இவள் உழைப்பு. சட்டமும் கிட்டத்தட்ட இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி எழுதிய குறிப்பும் படமும் எழுதியவருக்குச் சொந்தம், அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு. முறையும் எண்ணமும் யாருக்கும் சொந்தமில்லை.

பொம்மையை விற்பதைவிடக் குறிப்பை விற்பது லாபமா? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு ஆமை பின்ன 6 மணி நேரம். நூல், பஞ்சு 120 ரூபாய். 450க்கு விற்றால் கையில் நிற்பது 330. மணிக்கு 55 ரூபாய். நாளைக்கு இன்னொன்று விற்க வேண்டுமானால் இன்னொரு 6 மணி நேரம் கண்ணும் கழுத்தும் நோக வேண்டும். குறிப்பு அப்படியல்ல. எழுதி, சரிபார்த்து, படம் எடுக்க 30 மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். 150 ரூபாய் விலையில் 20 பேர் வாங்கினால் 3,000, மணிக்கு 100 ரூபாய். 21ஆவது ஆளுக்கு அவள் ஊசியைத் தொடவே வேண்டாம். ஆனால் 20 பேர் வாங்குவார்கள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு பேரோடு நின்றாலும் நிற்கும். எனவே பொம்மையை விட்டுவிட்டுக் குறிப்பை மட்டும் நம்பு என்று சொல்லமாட்டேன்.

பொம்மையை விற்பதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கான பொம்மை எதுவானாலும் 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே கைவினைஞர் அட்டைக்கு முதலில் விண்ணப்பிக்கச் சொன்னேன். கைப்பிள்ளைக்குப் போகிற பொம்மையில் பிளாஸ்டிக் கண் வேண்டாம், கறுப்பு நூலால் கண் தைத்துவிடு என்றும் சொன்னேன். பிய்த்து விழுங்கிவிடும்.

குறிப்பை விற்க இடங்கள் இருக்கின்றன. எட்சி 2005இல் தொடங்கியது, ராவல்ரி 2007இல். எட்சியில் ஒரு சரக்கைக் கடையில் வைக்கவே 20 சென்ட், விற்றால் 6.5 சதவீதம், பணம் வாங்கித் தர வேறு கட்டணம். அந்தச் சதவீதம் முன்பு 5 ஆக இருந்தது. 2022 ஏப்ரலில் அதை உயர்த்தியபோது கைவேலைக்காரர்கள் ஒரு வாரம் கடையை அடைத்துப் போராடினார்கள். நம் ஏலக்கூடத்துக் கமிஷன் மாதிரிதான். கூடம் அவர்களுடையது, விதி அவர்களுடையது. இந்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

கமிஷன் என்றதும் ஆந்திராவின் நர்சாபூர் ஞாபகம் வருகிறது. அங்கே பெண்கள் குரோஷா லேஸ் பின்னி உலகச் சந்தைக்கு அனுப்புவது நூறாண்டுக்கும் மேலான தொழில். மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அவர்களைப் பற்றி 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். நாள் முழுக்கப் பின்னுகிறவர்களை 'வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள், பொழுதுபோக்காகப் பின்னுகிறார்கள்' என்று சொல்லிச் சொல்லியே கூலியைக் கீழே வைத்திருந்தார்கள், லாபம் வியாபாரிகளுக்குப் போனது என்பதுதான் அவர் கண்டது. 'சும்மா' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். மதினியும் அதைத்தான் சொன்னார், "பிள்ளை சும்மாதானே உக்காந்து போடுது" என்று. சும்மா என்று பெயர் வைத்த உழைப்புக்கு எந்தக் காலத்திலும் நியாயமான கூலி கிடைத்ததில்லை.

இனி பிள்ளை விஷயம்.

பிள்ளையின் கைவேலையை விற்கலாமா என்பது இந்த நாட்டில் பழைய சண்டை. 1937இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தபோது, கைத்தொழில் வழியாகவே பாடம் நடக்க வேண்டும், பிள்ளைகள் செய்யும் பொருளின் வருமானம் பள்ளிச் செலவுக்கு உதவ வேண்டும் என்றார். முதல் பாதியைப் பலரும் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது பாதிதான் தகராறு. விற்பனை கணக்குக்கு வந்தால் பள்ளி தொழிற்கூடமாகிவிடும், ஆசிரியர் மேஸ்திரியாகிவிடுவார் என்று அன்றே எதிர்ப்பு எழுந்தது. முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் அந்த எதிர்ப்பின் பக்கம்தான் நான் நிற்கிறேன். கையால் செய்து கற்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் விற்பனைக்கு என்று சொன்ன நிமிடமே கோணல் மூக்கு நேராகிவிடும். பிழை செய்ய இடம் இல்லாமல் போகும். போன வாரம் ஓடிய ஆமையையே இந்த வாரமும் போடு என்று யாராவது சொல்வார்கள். பிள்ளைக்கு அன்றைக்கு நண்டு பின்ன ஆசையாக இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தப்படி 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. அம்மாவோடு உட்கார்ந்து பின்னுவது அதற்குள் வரும். இன்ஸ்டாகிராமில் 13 வயதுக்குக் கீழ் கணக்கே வைக்கக் கூடாது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்றே சொல்கிறது. ஆனால் சட்டத்துக்குள் அடங்குகிறது என்பதாலேயே ஒரு காரியம் நல்லதாகிவிடாது.

கலாமைச் சொன்னார் அண்ணன். நம் ஊர்ப் பிள்ளை, நியாயமான கேள்வி. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய சமயம் புளியங்கொட்டை பொறுக்கி விற்றார். ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைச் சேகரிக்க உறவினர் சம்சுதீனுக்கு உதவினார். அந்த முதல் சம்பளத்தின் பெருமையைப் பெரியவரான பிறகும் மறக்காமல் எழுதினார். எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். பிள்ளை நாலு காசு பார்ப்பது கேவலம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் ஒன்றைப் பாருங்கள். கட்டைக் கொண்டு சேர்த்ததோடு வேலை முடிந்தது, பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தப் பையன் பத்திரிகையைத்தான் விற்றான். அவன் முகத்தையும் சிரிப்பையும் ஏழ்மையையும் யாரும் விற்கவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ராத்திரி படுக்கப்போகும் முன் அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

வீடியோ வேலை அப்படி முடிவதில்லை. என் மாணவி இதை ஒளிக்காமல் சொன்னாள்: "டீச்சர், நான் பின்னுனதப் போட்டா நாப்பது பேர் பாக்குறாக. பிள்ளை பின்னுறதப் போட்டா நாலாயிரம் பேர் பாக்குறாக." நூலுக்கும் ஊசிக்கும் கூட்டம் வரவில்லை, பிள்ளைக்கு வருகிறது. அப்படியென்றால் அங்கே விற்பனைக்கு வைத்திருப்பது எது? மாதா மாதம் பென்ஷன் வாங்குகிற நான் இதைச் சொல்வது சுலபம். தடைக்காலத்தில் அரிசிக்கும் நகைக்கடன் வட்டிக்கும் அல்லாடுகிறவளுக்கு நாலாயிரம் பேர் என்பது பெரிய எண்தான். அதனால்தான் வெறும் 'கூடாது' என்று சொல்லி நிறுத்தாமல், அவளோடு உட்கார்ந்து நாலு விஷயம் பேசி முடிவு செய்தோம்.

ஒன்று, கடை அம்மா பெயரில். வீடியோவில் கைகள் மட்டும், அதுவும் அம்மாவின் கைகள். பிள்ளையின் முகம், பள்ளி, தெரு எதுவும் வேண்டாம்.

இரண்டு, பிள்ளை தானாகச் செய்த முதல் பொம்மை விற்பனைக்கு இல்லை. அது பிள்ளையுடையது. அதைப் பார்த்து அம்மா குறிப்பு எழுதலாம், பிள்ளை சரி என்றால். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்கு மேல் கேட்கக் கூடாது.

மூன்று, பிள்ளையின் எண்ணத்தில் பிறந்த குறிப்பிலிருந்து வரும் காசில் பாதி, தபால் அலுவலகத்தில் பிள்ளை பெயரில் போட வேண்டும். மாதம் ஒருமுறை கணக்கைப் பிள்ளையே எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும். கணக்கு டீச்சரின் ஆசை இது, மறுக்காதீர்கள்.

நான்கு, எண்ணிக்கை சொல்லிப் பின்னச் சொல்லக் கூடாது. ஆர்டர் வந்தால் அம்மா பின்னுவாள். பிள்ளை தோன்றினால் பின்னும், தோன்றாவிட்டால் கடற்கரைக்கு ஓடும்.

"பார்க்குறவுக கொறஞ்சிருவாகளே" என்றாள். குறைவார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் அவளிடம் வேறு சரக்கு இருக்கிறது. பிரிந்த வாலோடு ஆவுளியா, துடுப்புக் காலோடு நீல நண்டு, வயிற்றுப் பையில் குஞ்சு சுமக்கிற ஆண் கடல் குதிரை. இந்தக் கடலை அறிந்தவர்தான் இவற்றைச் சரியாக எழுத முடியும். ஒழுங்காகச் சோதித்த குறிப்புக்கு இப்போது மதிப்பும் கூடியிருக்கிறது. ஏனென்றால் கம்ப்யூட்டரே படமும் குறிப்பும் தயாரித்து விற்கும் காலம் இது. படம் அழகாக இருக்கும், குறிப்பின்படி பின்னினால் மூன்றாவது சுற்றிலேயே கண்ணி எண்ணிக்கை உதைக்கும். காசு கொடுத்து ஏமாந்தவர்கள் நிறைய. எனவே எழுதிய குறிப்பை முன்பின் தெரியாத மூன்று பேரிடம் கொடுத்துப் பின்னச் சொல்லி, அவர்களுக்கு எங்கே இடித்ததோ அங்கே திருத்திய பிறகே விற்க வேண்டும். அமெரிக்க வழக்கா, பிரிட்டிஷ் வழக்கா என்று முதல் பக்கத்திலேயே போட வேண்டும். அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்பதை இங்கிலாந்தில் டபுள் குரோஷே என்பார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் ஆமை ஆனையாகிவிடும். தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் பொம்மைகளைப் பின்னி விற்க வேண்டாம். அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுதுவதோடு தமிழிலும் எழுது என்றேன். "தமிழ்ல யாரு டீச்சர் வாங்குவா?" என்றாள். 2016 ஜனவரியில் சென்னையில் இந்தியாவெங்கும் இருந்து பெண்கள் பின்னி அனுப்பிய துண்டுகளைச் சேர்த்து 11,000 சதுர மீட்டருக்கும் மேலான குரோஷாப் போர்வை விரித்து கின்னஸில் இடம் பிடித்தார்கள். இந்த ஊசி பிடிக்கிறவர்கள் நம் பக்கம் குறைவில்லை. ஆங்கிலச் சுருக்கெழுத்தைக் கண்டு பயந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பின்னுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குத் தமிழில் எழுதிய தாள் வேண்டும். பக்கத்துச் செட்டிநாட்டில் வழக்கொழிய இருந்த ஓலைக் கொட்டானை மீட்டெடுத்து, அது புவிசார் குறியீடு வரை போயிருக்கிறது. பெண்கள் கைக்கு அந்த வேலை மறுபடியும் வந்து சேர்ந்ததற்குக் காரணம், யாரோ பழைய கொட்டானைப் பிரித்துப் பார்த்து மறுபடி சொல்லிக் கொடுத்ததுதான். எழுதி வைத்த முறை நிற்கும், நினைவில் மட்டும் இருந்தது அந்தப் பாட்டியோடு போய்விடும். உங்களில் எத்தனை பேருக்கு இன்று ஓலைக்கிளி மடிக்கத் தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கிற உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு.

யாரோ காசு கொடுத்து வாங்கிய குறிப்பை வாட்ஸ்ஆப்பில் 'எல்லோருக்கும் பயன்படட்டும்' என்று அனுப்பாதீர்கள். நம் உறவுக்குள்ளேயே நடக்கிறது, பெயர் சொல்லவில்லை. ஒரு பாட்டில் தண்ணீரின் விலைக்குச் சற்று மேலே இருக்கிற தொகைக்காக ஒரு பெண்ணின் ஒரு மாத உழைப்பு ஒரே விரல் தட்டில் போய்விடுகிறது. கோலநோட்டைப் பகிர்ந்த பெருந்தன்மையும் இதுவும் ஒன்றல்ல. அங்கே கொடுத்தவள் தன்னுடையதைக் கொடுத்தாள்.

அடுத்தது, பிள்ளைகள் வீடியோவில் பின்னுவதையும் பாடுவதையும் விற்பதையும் பார்த்து 'இந்த வயசிலேயே எவ்வளவு பொறுப்பு' என்று இதயம் போடுவதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். நீங்கள் போடும் இதயம்தான் அடுத்த நாளும் அந்தப் பிள்ளையைக் கேமராவுக்கு முன் உட்கார வைக்கிறது. உதவ வேண்டுமென்றால் அம்மாவின் கடையில் ஒரு குறிப்பு வாங்குங்கள், பேரம் பேசாமல்.

ஆங்கிலம் நன்றாக எழுதுகிறவர்கள், குறிப்பைச் சோதித்துப் பின்னிப் பார்க்கக் கூடியவர்கள், நல்ல படம் எடுக்கத் தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அவளோடு இணைத்து விடுகிறேன். ஆவுளியாவுக்கு மூன்று சோதனைக்காரர்கள் உடனே தேவை. வால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் 18 கண்ணியை ஒன்பது ஒன்பதாகப் பிரிக்க வேண்டும். கழித்தல் மறந்துபோனவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
ராமேஸ்வரம்